குனியாமல் ஒரு கும்மி

டிசம்பர் 5, வியாழன்

வலி: பத்துக்கு எட்டு.

இவ்வளவுதான் எழுதச் சொன்னார்கள். கோபியில் பிசியோதெரபி பார்க்கிற ஜெனிட்டா என்கிற தூத்துக்குடிப் பெண், "தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுங்கம்மா. என்ன செஞ்சா கூடுது, என்ன செஞ்சா குறையுதுன்னு ரெண்டு வரி எழுதிட்டு வாங்க" என்று இந்த டைரியைக் கொடுத்தாள். ரெண்டு வரியாம். என்னைப் பார்த்தால் ரெண்டு வரியில் நிறுத்துகிற ஆள் மாதிரியா தெரிகிறது? நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவளைக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். கையாவது நடமாடட்டும்.

நான் துளசிமணி. ஐம்பத்தொரு வயது. ஊர் கரட்டுப்புதூர். ஒன்றரை ஏக்கர் மஞ்சள், இரண்டு மாடு, ஒரு வீட்டுக்காரர். இதில் சொன்ன பேச்சைக் கேட்பது மாடு மட்டும்தான்.

போன மாதம் புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கும்போது இடுப்பில் ‘களுக்’ என்றது. அன்றைக்குப் பிடித்தது, இடது இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் தீக்குச்சி உரசின மாதிரி இழுக்கிறது. ஈரோட்டு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீழ்முதுகில் எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், லேசரும் உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்ப்போம் என்றார். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டினேன். கடைசியில், "தை மாசம் எங்க கும்மி அரங்கேற்றம் இருக்குதுங்க டாக்டர். அதுக்குள்ள ஆயிருமுங்களா?" என்று கேட்டேன்.

"கும்மியா? குனிஞ்சு குனிஞ்சு ஆடுவாங்களே, அதா? மறந்துடுங்கம்மா" என்றார்.

மறக்கிறதாவது! புரட்டாசியிலிருந்து தினமும் சாயங்காலம் கோயில் களத்துக்குப் போய்ப் பழகினவள் நான். முருகன் வள்ளியைக் கட்டின கதையை வாத்தியார் மைக்கில் பாடப் பாட, ஊரே வரிசை கட்டிக் கை கொட்டிக் குனிந்து நிமிர்ந்து ஆடும்போது உடம்பெல்லாம் புல்லரிக்கும். கல்யாணம், பிள்ளை, மாடு, மஞ்சள் என்று ஓடின ஓட்டத்தில் எனக்கென்று நான் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம் அதுதான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி முருகன் கோயில் முன்னால் அரங்கேற்றம். அந்த வரிசையில் நான் நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

டிசம்பர் 7, சனி

வலி: எட்டு. சிரித்தால் ஒன்பது.

லேசர் என்றதும் எதையோ சுட்டு வெட்டப்போகிறார்கள் என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. போனால் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு ஒரு தலையணை கொடுத்தாள் ஜெனிட்டா. கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டாள். அந்த வெளிச்சம் கண்ணில் படக்கூடாதாம். துணைக்கு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கும் ஒன்று. வேட்டி, துண்டு, பச்சைக் கண்ணாடியோடு வெல்டிங் பட்டறை முதலாளி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். சிரிப்பு வந்து காலில் சுரீர் என்றது.

டார்ச் லைட் மாதிரி ஒன்றை இடுப்பில் வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினாள். வெயிலில் காய்ந்த துணியை வைத்த மாதிரி ஒரு கதகதப்பு. அவ்வளவுதான்.

"கண்ணு, கரண்டு போயிருச்சாட்ட இருக்குது."

"ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு."

"பொறவு ஏன் ஒண்ணுமே தெரியல? இன்னுங் கொஞ்சம் கூட்டி வையி. நாங்கெல்லாம் தாங்குவோம்."

"கூட்டி வைக்கதுக்கு இது என்ன கேஸ் அடுப்பா? உள்ள இருக்க வீக்கத்தையும் வலியையும் குறைக்கதுக்குத்தான் இது. வலி குறைஞ்சாத்தான் நீங்க உடற்பயிற்சி செய்ய முடியும். அதுதான் மருந்து. இப்பப் பேசாம படுங்க."

இவர் பேர் சென்னியப்பன். பேச்சு ரொம்பக் குறைவு. வீட்டுக்கு வந்ததும், "சூடு பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். கும்மிக்கு இவர் வைத்திருக்கிற பேர் ‘கொசு அடிக்கிற வேலை’. என் கும்மி நின்றுபோனதில் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருப்பார்.

டிசம்பர் 10, செவ்வாய்

வலி: எட்டு.

மாட்டுக்கு என் கைதான் பழக்கம். இவர் பால் கறக்கப் போனால் உதைக்கிறது. இன்று காலையில் என் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். மாடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் உதைத்தது. மாட்டுக்கு இருக்கிற அறிவு.

டிசம்பர் 13, வெள்ளி

வலி: ஏழு. மனசுக்குப் பத்து.

லோகாம்பாள் வந்திருந்தாள். அடுத்த வீதி. கும்மியில் என் ஜோடி. எதிரும் புதிருமாக நின்று கை கொட்ட வேண்டும், அதனால் ஜோடி இல்லாதவருக்கு வரிசையில் இடமில்லை என்பது குமரவேல் வாத்தியார் சட்டம். சும்மா நலம் விசாரிக்க வந்தாற்போல உட்கார்ந்து, ரெண்டு முறுக்குத் தின்றுவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, வெசனப்படாதீங்க. வாத்தியாரு உங்க எடத்தை வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு இருக்கறாரு. பக்கத்து ஊருலிருந்து ஏகப்பட்ட பேரு கேட்டுட்டு இருக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தக்கா சொல்றது? ஜோடி இல்லீன்னா என்னையும் உக்காத்தி வெச்சிருவாரு."

அவள் போனபிறகு இவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட கத்தினேன். என் இடத்தில் எவளோ வந்து நிற்பாள், நான் கட்டிலில் படுத்துக்கொண்டு மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். அழுகை வந்துவிட்டது. இவர் உத்தரத்தைப் பார்த்தபடி நின்றார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார். இப்படி ஒரு மனுஷன்.

டிசம்பர் 16, திங்கள்

வலி: ஏழு. மார்கழி பிறந்துவிட்டது.

குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குகிற பயிற்சி ஆரம்பித்திருக்கிறாள் ஜெனிட்டா. சாயங்காலம் இவர் மஞ்சக்காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். ‘கரண்டு இப்பத்தான் வருது’ என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

வலி: ஆறு!

லேசரில் ஏதோ இருக்கிறது. பெருவிரல் வரை இழுத்த வலி இப்போது கணுக்காலோடு நிற்கிறது. "காலை விட்டு மேல மேல ஏறி இடுப்புக்கு வந்து நிக்கணும். அப்பத்தான் சரியாகுதுன்னு அர்த்தம்" என்றாள் ஜெனிட்டா. வலி ஊருக்குத் திரும்பிப் போகிறது போல.

களத்தில் பழகுகிற சத்தம் கட்டில் வரைக்கும் கேட்கிறது. இன்று வாத்தியார் மைக்கிலேயே யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கினார். "மூணாவது வரிசை! எடது காலுங்க, எடது காலு! அது சோத்தாங்காலு!" எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நான் நின்ற வரிசைதான் மூன்றாவது வரிசை. எந்த மடையனோ வந்து மாட்டிக்கொண்டிருக்கிறான்.

டிசம்பர் 24, செவ்வாய்

வலி: ஐந்து.

ஒரு விஷயம் எழுத வேண்டும். இதை ஜெனிட்டா படிக்கத் தேவையில்லை. இவர் தினமும் சாயங்காலம் தண்ணீர் கட்டப் போகிறார். மஞ்சள் வெட்டுக்கு நெருங்குகிற நேரம். மண்ணைக் காயப்போட வேண்டிய சமயத்தில் தினமும் எதற்குத் தண்ணீர்? தண்ணீர் கட்டிவிட்டு வருகிறவர் காலில் சேறுதானே இருக்க வேண்டும்? இவர் காலில் புழுதி. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. என்னுடைய வலி தைலம் பாட்டில் பாதியாகிவிட்டது, நான் தொடவே இல்லை.

மோட்டார் ரூமில் சீட்டாடுகிற கும்பல் ஒன்று இருக்கிறது. அங்கேதான் போய் உட்காருகிறார். பெண்டாட்டி படுத்துக்கிடக்கிறாள், கேட்க ஆளில்லை அல்லவா!

டிசம்பர் 28, சனி

வலி: ஐந்து.

கேட்டுவிட்டேன். "சீட்டாடப் போறீங்களா?"

"இல்ல."

"அப்பறம் சாயங்காலமானா எங்கதான் போறீங்க?"

"காட்டுக்கு."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

மூஞ்சியைப் பார்த்து, "காட்டுக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்குக் காது நுனி சிவந்துவிட்டது. சீட்டேதான்.

ஜனவரி 3, வெள்ளி

வலி: நான்கு. இடுப்பைத் தூக்கி நிறுத்துகிற பயிற்சியும் செய்கிறேன். கோபியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் ஜவ்வுதான். யார் முதலில் எழுந்து நடப்பது என்று எங்களுக்குள் போட்டி. நான்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். அவர் திருட்டுத்தனமாக எண்ணிக்கையைக் குறைக்கிறார், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் பார்த்துவிடுவேன்.

மைக்கில் இன்றும் அதே மடையனுக்கு அர்ச்சனை. "கொசு அடிக்காதீங்க மாமா, கும்மி அடிங்க!" என்றார் வாத்தியார். பாவம், யாரோ வயசான ஆள் போலிருக்கிறது.

ஜனவரி 8, புதன்

வலி: மூன்று.

பால் கறக்கும்போது இவர் சொம்பின் விளிம்பில் விரலால் தட்டுகிறார். மாடு இப்போது உதைப்பதில்லை, தலையாட்டிக்கொண்டு நிற்கிறது. லோகாம்பாள் மோர் வாங்க வந்தவள் இவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னடி என்றால் ஒன்றுமில்லையாம். சீட்டு விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வலி: இரண்டு! வாசலில் நானே நின்று பொங்கல் வைத்தேன். அடுப்பை மேசைமேல் வைத்துக் கொடுத்தார் இவர். நின்றுகொண்டே பொங்கின பொங்கல் எங்கள் தெருவில் இதுதான் முதல்.

ஜனவரி 15, புதன்

எழுத முடியவில்லை. பத்து.

ஜனவரி 17, வெள்ளி

வலி: எட்டு.

நடந்ததை எழுதுகிறேன். மாட்டுப் பொங்கல் அன்று கட்டுத்தரைக்கு முன்னால் பொண்டு பிள்ளைகள் எல்லோரும் கூடிக் கும்மியடித்தார்கள். நான் ஓரமாகத்தான் நின்றேன். சத்தியமாக. கையை மட்டும் கொட்டினேன். வலி இல்லை. ஒரு காலை எடுத்து வைத்தேன். அப்போதும் இல்லை. அட, எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷம் தலைக்கேறி, பாட்டு ஏறும் இடத்தில் எல்லோரோடும் சேர்ந்து குனிந்தேன். நிமிர முடியவில்லை. இவர்தான் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

ஜெனிட்டாவிடம் பால் சொம்பை எடுக்கக் குனிந்தேன் என்று சொன்னேன். இவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "கும்மியடிச்சா" என்றார். எப்போதும் பேசாத மனுஷன் அங்கே பேசுகிறார்!

"என்னம்மா இப்படி? குனியக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேம்லா?" அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "வலி போறது வேற, ஜவ்வு ஆறுறது வேறம்மா. லேசர் வலியைத்தான் அமத்தி வச்சிருக்கு. அதுக்குள்ள நீங்க ஆறிட்டதா நினைச்சிட்டீய. காயம் உள்ள அப்படியேதான் இருக்கு."

மறுபடி பச்சைக் கண்ணாடி. குப்புறப் படுத்திருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது. அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது. ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம், அதைவிட அந்த வரிசையில் நிற்காமலே போய்விடுவேனோ என்று பயம்.

ஜனவரி 21, செவ்வாய்

வலி: ஆறு. டாக்டர் பார்த்தார். புதிதாக ஒன்றும் கெடவில்லை, இப்படியே தொடருங்கள் என்றார். அப்பாடா.

ஜனவரி 24, வெள்ளி

வலி: ஐந்து. கோபம்: நூறு. அப்புறம் வேறு என்னவோ.

சாயங்காலம் இவர் வழக்கம்போல ‘காட்டுக்கு’ப் போனதும் நான் ஜெனிட்டா கொடுத்த இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மெதுவாகக் களத்துக்கு நடந்தேன். வாத்தியார் காலில் விழ முடியாது, குனியக்கூடாதே. கையெடுத்துக் கும்பிட்டாவது என் இடத்தைக் கேட்டு வாங்குவது என்று முடிவு.

தூரத்திலிருந்தே மூன்றாவது வரிசை தெரிந்தது. லோகாம்பாள் நின்றாள். அவளுக்கு எதிரில், என் இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டித் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒரு ஆள். வரிசை முழுக்க வலது பக்கம் திரும்பினால் அந்த ஆள் இடது பக்கம் திரும்புகிறார். எல்லோரும் குனிந்தால் அவர் நிமிர்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டு, லோகாம்பாளின் காலையே பார்த்துக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு.

என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "ஏனுங்க!" என்று கத்தினேன். பாட்டு நின்றது. களமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "என்ற எடம் பறிபோகுதுன்னு நான் அங்க அழுதுட்டுக் கெடக்கறேன், என்ற எடத்துல நீங்களே வந்து நின்னுட்டீங்களா? கொசு அடிக்கற வேலைன்னீங்களே, இப்ப நீங்க என்ன அடிக்கறீங்க?"

இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார்தான் மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, அக்கா, கோவிச்சுக்காதீங்க. எடம் ஊட்டுக்கு ஒண்ணுதானுங்க. நீங்க வரலீன்னதும் வேற ஊட்டுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். மார்கழி ஒண்ணாந்தேதி மாமா வந்து நின்னாரு. ‘என்ற பொண்டாட்டி வர்ற வரைக்கும் எங்க ஊட்டு எடத்துல நான் நிக்கறேன், யாருக்கும் குடுத்துராதீங்க’ன்னாரு. எனக்கும் வேற வழியில்ல. இவருக்குச் சொல்லிக் குடுத்து என்ற தொண்டைதானுங்க போச்சு."

களத்தில் ஒரே சிரிப்பு. இவர் காது நுனி சிவந்து நின்றார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, புழுதி அப்படி.

வீட்டுக்கு நடக்கும்போது, "எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"சொன்னா நீ சிரிப்பே."

"சிரிக்காம? சோத்தாங்கால் எது, பீச்சாங்கால் எதுன்னு தெரியாத ஆளு."

"சரி. பாத்து நட, பள்ளம்" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

வலி: நான்கு.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு இவருக்குக் கும்மி சொல்லிக்கொடுக்கிறேன். வாத்தியார் பாவம், பொறுமைசாலி. எனக்கு அது கிடையாது. "இடுப்ப வளைங்க! உலக்கை முழுங்கின மாதிரி நிக்காதீங்க!" என்று நான் கத்த, "நிமுந்து உக்காரு, கூன் போடாதே" என்று அவர் திருப்பிக் கத்துகிறார். ஆளுக்கு ஒரு வாத்தியார். நாங்கள் இவ்வளவு பேசி எத்தனை வருஷமாகிறதோ.

ஜனவரி 30, வியாழன்

வலி: மூன்று.

ஜெனிட்டா டைரியை வாங்கிப் பார்த்தாள். மார்க்கை மட்டும்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். லேசர் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைக்குப் பின்னால் ‘களுக்’ என்று சத்தம். சிரிப்பை அடக்குகிறாள்.

"மூணாவது வரிசை மடையன்னு எழுதியிருக்கீய" என்றாள்.

"அய்யய்யோ, அதக் குடு கண்ணு இங்க!"

"அசையாதீங்க!"

இவர் பச்சைக் கண்ணாடிக்குள்ளிருந்து, "யாரு மடையன்?" என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வலி: இரண்டு.

ஜெனிட்டா டாக்டரிடம் போனில் பேசிவிட்டுச் சொன்னாள். "அரங்கேற்றத்துல நிக்கலாம். பெல்ட் போட்டுக்கிட்டு மெதுவா நடந்து கை கொட்டலாம். ஒரே ஒரு பாட்டுக்கு. ஆனா குனியக்கூடாது, குதிக்கக்கூடாது, இடுப்பைத் திருப்பக்கூடாது. ஒரு தடவைகூட."

பறந்துகொண்டு களத்துக்குப் போனேன். வாத்தியார் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அத்தனை பேரும் குனியறப்ப நீங்க மட்டும் நின்னா, நடுவுல நட்டு வெச்ச கம்பமாட்டத் தெரியுமுங்க. பாக்கற சனம் என்ன சொல்லும்? அடுத்த வருசம் ஆடலாமுங்க. இந்த வருசம் மாமாவே நிக்கட்டும்."

அடுத்த வருஷமாம். மஞ்சளா இது, வருஷா வருஷம் வெட்டிக்கொள்ள?

பிப்ரவரி 8, சனி

வலி: ஒன்று.

ஒன்றுதான். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாளைக்குப் பெல்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப்போகிறேன். டாக்டர் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார் என்று வாத்தியாரிடம் சொல்லப்போகிறேன். ஒரே ஒரு பாட்டு. குனிந்து நிமிர்ந்துதான் ஆடப்போகிறேன். வந்தது வரட்டும். கட்டிலில் படுத்தாலும் ஆடிவிட்டுப் படுத்தேன் என்று இருக்கட்டும். இவரிடம் சொல்லவில்லை. நாளைக்குக் கட்டப்போகிற சேலைக்குத் தானே இஸ்திரி போட்டதாக அடுக்களையிலிருந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முந்தானையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் கோயில் வாசலே ஊதா நிறமாக இருந்தது. பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி ஊதாச் சேலை, ஆண்களுக்கு வெள்ளை வேட்டியும் ஊதாத் துண்டும். மேளம் கட்டியாயிற்று. சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வந்து வண்டியின் மேலும் மதில் மேலும் ஏறி நிற்கிறது. தைக் கடைசியின் குளிர் காற்று. நான் வாத்தியாரிடம் போய், "டாக்டரு எல்லாத்துக்கும் சரின்னுட்டாருங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வந்து நில்லுங்கக்கா, மொதல் பாட்டுக்கு!" என்றார். ஓட்டை முந்தானையை மடித்துச் செருகிக்கொண்டு மூன்றாவது வரிசையில் என் இடத்தில் போய் நின்றேன். லோகாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசைக்குள் புகுந்து இவர் வந்தார். கையில் துணிக்கடைப் பை. பைக்குள்ளிருந்து பெல்ட்டை எடுத்தார். எனக்குப் பின்னால் போய் நின்று, அத்தனை சனம் பார்த்துக்கொண்டிருக்க, சேலைக்கு மேலேயே சுற்றி இழுத்துக் கட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"மானம் போகுது, விடுங்க."

"டாக்டரு அப்படிச் சொல்லல. நானும் கூடத்தான் இருந்தேன்" என்றார்.

வாத்தியார் வந்துவிட்டார். "என்ன மாமா, யாரு நிக்கறதுன்னு முடிவு பண்ணுங்க. மேளம் தொடங்கணும்."

"ரெண்டு பேரும் நிக்கறோமுங்க."

"ஊட்டுக்கு ஒரு எடந்தானுங்களே மாமா. ஒரு எடத்துல ரெண்டு பேரு நின்னா எடம் பத்தாதுங்க."

"முப்பது வருசமா ஒரே ஊட்லதானுங்க இருக்கறோம். பத்தும்" என்றார் இவர்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். லோகாம்பாள் சத்தமாக, "பத்துமுங்க வாத்தியாரே, நாங்க தள்ளி நின்னுக்கறோம்" என்றாள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரை எல்லோரும் அரை அடி தள்ளி நின்றார்கள். இவர் என் பக்கத்தில் தோளோடு தோளாக வந்து நின்றார். என் காதோரம், "நீ கையக் கொட்டு. குனியறத நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேளம் விழுந்தது. வாத்தியார் குரலெடுத்தார். ஜெனிட்டா, நீ படிப்பாய் என்று தெரியும், அதனால் உனக்கே சொல்கிறேன். நான் குனியவில்லை. சத்தியமாகக் குனியவில்லை. பாட்டு ஏறும் இடத்தில் உடம்பு தானாகக் கீழே போகப் பார்த்தது. அப்போதெல்லாம் இவர், "நில்லு" என்றார். நின்றேன். அவர் குனிந்தார். பாட்டு முழுக்க எனக்குக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். நான் என் கை சிவக்கக் கொட்டினேன். ஒரு தடவை அவர் மறந்துபோய் நிமிர்ந்தே நின்றுவிட்டார், "குனிங்க!" என்றேன். குனிந்தார். சோத்தாங்காலா பீச்சாங்காலா என்றெல்லாம் யார் பார்த்தது!

பாட்டு முடிந்ததும் நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், ஜெனிட்டா சொன்னபடி. மீதி ராத்திரி முழுக்க எங்கள் வீட்டு இடத்தில் அவர் ஆடினார்.

இன்று மத்தியானம் லோகாம்பாள் மகள் எடுத்த வீடியோ போனுக்கு வந்தது. கோயில் மதில் மேலிருந்து எடுத்திருக்கிறாள். ஆரம்பத்தில் யார் யாரென்றே தெரியவில்லை, ஒரே ஊதா. நான் எங்கே எங்கே என்று தேடினேன். அப்புறம் பாட்டு ஏறுகிறது. அத்தனை பேரும் ஒன்றாகக் குனிகிறார்கள். முழுக் களத்திலும் ஒரே ஒரு தலை நிற்கிறது. என் தலை. கம்பமாட்டம் தெரியும் என்றாரே வாத்தியார், தெரியத்தான் செய்கிறது. ஆனால் கம்பம் சிரிக்குமா? வாயெல்லாம் பல்லாக, பக்கத்தில் குனிந்திருக்கிற ஒரு நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டு நான் சிரிக்கிறேன். என் கல்யாண போட்டோவில்கூட என் மூஞ்சி இப்படி இல்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமா பாக்கறே? என்ற மூஞ்சிதான் எங்கயும் தெரியலியே" என்றார்.

"நீங்க குனிஞ்சிருக்கறீங்க" என்றேன்.

எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். ஜெனிட்டா படித்தால் படிக்கட்டும், இவருக்கும் படித்துக் காட்டட்டும்.